இசைத்தட்டு விற்றவர்

அரும்பாவூர்ச் சிற்பி உளி எடுத்தால் மரம் உயிர்பெறும். அந்தக் கைவண்ணத்துக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் தோழர்களே, சிலையைச் செதுக்கியவன் கையிலிருந்து வாங்குபவன் வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் பாதை யாரிடம் இருக்கிறது? ஆக்குவது ஒரு தொழில்; கொண்டு சேர்ப்பது மற்றொரு தொழில். இரண்டாவதைக் கைக்கொண்டவனே விலையைச் சொல்கிறான்.

இந்த உண்மையைக் கலைத்துறையிலே கண்டுகொண்டவர் ஏவி.எம். என்று நாடறிந்த மெய்யப்பனார். காரைக்குடியில் 1907இல் பிறந்தவர். தந்தையாரின் கடையிலே இசைத்தட்டு விற்றார். சென்னை வந்து சரசுவதி ஸ்டோர்சை நிறுவினார். பாட்டை விற்றவர், அதைக் கேட்கும் மக்களின் மனத்தையும் படித்தார்.

படமெடுக்க இறங்கினார். 1935இல் அல்லி அர்ஜுனா, தோல்வி! அடுத்து ரத்னாவளி, அதுவும் தோல்வி! துவண்டாரா? இல்லை. 1943இல் கன்னடத்தில் எடுத்த அரிச்சந்திராவுக்கு மறு ஆண்டே தமிழ்க் குரல் கொடுத்துத் திரையிட்டார். படம் ஒன்று, சந்தை இரண்டு! 1945இல் ஏவி.எம். நிறுவனம் பிறந்தது. காரைக்குடியில் உருவான நாம் இருவர் 1947இல் வெளிவந்தது. 1948இல் படப்பிடிப்புக் கூடம் கோடம்பாக்கம் வந்தது. 1949இல் தமிழில் வந்த வாழ்க்கை, பின்னர் தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பட்டது. அண்ணாவின் ஓர் இரவு 1951இல் அங்கே படமாயிற்று. நேஷனல் பிக்சர்சுடன் சேர்ந்து எடுத்த பராசக்தி, கலைஞரின் வசனத்தோடு 1952இல் நாட்டை உலுக்கிற்று.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. பாரதி பாடல்களை ஒலிபரப்பும் உரிமை ஒரு காலத்தில் அவர் கையிலே இருந்தது. கவிஞனின் குரலுக்குத் தனியுடைமையா என்று நாடு கேட்டது. அரசு கேட்டபோது விலை பேசாமல் விட்டுக்கொடுத்தார். 1949இல் அந்தப் பாடல்கள் மக்களின் சொத்தாயின. பாதையை வைத்திருப்பது வல்லமை; மக்களுக்காக அதைத் திறந்துவிடுவது பெருமை!

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிற்று. 1979இல் மெய்யப்பனார் மறைந்தார். அமெரிக்காவிலே பெரும் படநிறுவனங்கள் அந்தப் பெட்டியை முதலில் பகையாகவே பார்த்தன. பிறகு மனம் மாறின. கொலம்பியா, ஸ்கிரீன் ஜெம்ஸ் என்ற பிரிவின் வாயிலாகவும், வார்னர் 1955 முதலும் தொலைக்காட்சிக்கெனத் தொடர்கள் எடுத்து விற்றன. ஏவி.எம். பிள்ளைகளும் அவ்வழியே நடந்தார்கள். குடி ஒரு மனிதனை அழிப்பதைச் சொன்ன ஒரு மனிதனின் கதை, தூர்தர்சனுக்காக அவர்கள் எடுத்த தொடர். அதே கதை 1990இல் தியாகு என்ற படமாயிற்று. திரையிலிருந்து பெட்டிக்கு மட்டுமா பாதை? பெட்டியிலிருந்து திரைக்கும் உண்டு என்று காட்டினார்கள்.

2006இல் கலைஞர் அரசு தொடங்கிய திட்டத்தால் குடிசைக்கும் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. பெட்டி நம் வீட்டில் இருக்கிறது. ஆனால் அதிலே பேசுபவர் யார்? அனுப்புபவர் யார்? நாள் முழுதும் உழைத்துவிட்டு அதன்முன் உட்காரும் தோழன் கேட்கவேண்டிய கேள்வி இது. மெய்யப்பனார் பொருளை மட்டும் ஆக்கவில்லை. அது போகும் வழியையும் அமைத்தார். உளி பிடித்த கைகளும் ஒன்றுகூடி வழியமைக்கக் கற்றுக்கொண்டால், விலையைச் சொல்லும் உரிமை அன்றே உழைப்பவன் வீட்டுக்கு வந்துசேரும்!