செங்கல்லை எண்ணி வீடு கட்டிய லாரி பேக்கர்



நம்ம குழுவில் பெரிய கடன் கேட்கிறவங்க பலபேர் வீட்டு வேலைக்காகத்தான் கேட்கிறாங்க. செங்கல், சிமெண்ட், கம்பி விலையைக் கேட்டாலே தலை சுத்துது. அதனால மலருக்கு ஒரு பெரியவரைப் பற்றி எழுதச் சொன்னதும் எனக்கு லாரி பேக்கர் ஞாபகம்தான் வந்தது. என் வீட்டுக்காரர் கொத்தனார். கேரளாவுக்கு வேலைக்குப் போன இடத்தில் இவர் முறையில் சுவர் வைக்கக் கத்துக்கிட்டு வந்தார். அப்படித்தான் எனக்கு இவரைத் தெரியும்.

பேக்கர் 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் பிறந்தவர். கட்டிடக்கலை படித்தவர். உலகப்போர் சமயத்தில் சீனாவில் நோயாளிகளுக்குச் சேவை செய்தார். ஊர் திரும்பும்போது பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருளெல்லாம் ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைப்பதாக இருக்கணும் என்பது காந்தியின் எண்ணம். அது இவர் மனசில் பதிந்துவிட்டது.

1945-ல் மறுபடியும் இந்தியா வந்து, தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகளைக் கட்டினார். கேரளத்து டாக்டர் எலிசபெத்தை 1948-ல் கல்யாணம் செய்தார். இமயமலைப் பக்கம் பித்தோராகரில் இரண்டுபேரும் பல வருஷம் இருந்தார்கள். அந்த அம்மா வைத்தியம் பார்த்தார், இவர் கட்டிடம் கட்டினார். மலைஜனங்கள் கல், மண், மரம் வைத்தே குளிர் தாங்கும் வீடு கட்டுவதைப் பார்த்து, பட்டம் வாங்கின இவர் அவர்களிடம் பாடம் கற்றார்.

பிறகு கேரளாவுக்கு வந்து திருவனந்தபுரத்தில் குடியிருந்தார். மீனவர் வீடு, கல்லூரி, காபி ஹவுஸ் என்று எத்தனையோ கட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவில் இடைவெளி விட்டு சுவர் எழுப்புவார். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பேர். நாலு செங்கல் பிடிக்கிற இடத்தில் மூணு போதும். இடைவெளியில் காற்று நிற்பதால் வெயில் சூடும் சீக்கிரம் உள்ளே வராது. மேலே பூச்சும் கிடையாது. தளம் போடும்போது கம்பிகளுக்கு நடுவில் பழைய ஓடுகளை வைத்து, அந்த அளவு கான்கிரீட்டை மிச்சம் பிடிப்பார். ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லிலேயே ஓட்டை ஓட்டையாக விட்டுக் காற்றும் வெளிச்சமும் வரவைப்பார். குறுக்கே மரம் நின்றால் சுவரைத்தான் வளைப்பார்.

இது காசு மிச்சம் மட்டும் இல்லை. செங்கல் சூளையில் எரிவது விறகும் கரியும். சிமெண்ட் ஆலைக்கும் எரிபொருள் வேணும், மலையைக் குடைந்த சுண்ணாம்புக்கல் வேணும். நாம ஒரு செங்கல் குறைத்தால் அந்த அளவுக்கு மண்ணும் மரமும் நம்ம பிள்ளைகளுக்கு மிஞ்சும்.

இந்தியக் குடியுரிமை வாங்கின பேக்கருக்கு 1990-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2007-ல் தொண்ணூறு வயதில் திருவனந்தபுரத்திலேயே காலமானார்.

சகோதரிகளே, இந்த முறை தெரியாத கொத்தனார் கையில் கொடுத்தால் சுவர் சரியாக வராது, பழகினவங்க வேணும். நம்மில் எத்தனையோ பேர் காலம் பூராவும் சித்தாளாகவே கல் சுமக்கிறோம். கரண்டி பிடிக்க நமக்கும் கை இருக்கு. கூட்டமைப்பு இந்த வேலைக்குப் பயிற்சி வைத்தால் நம்ம கூலியும் ஏறும், நம்ம வீட்டுக் கடனும் குறையும். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதணும்னு கேட்டுக்கொள்கிறேன்.