தணிக்கையாளர் குமரப்பா

1927-ஆம் ஆண்டில் பம்பாய் நகரத்து வணிகர்களிடையே ‘கார்னீலியஸ் அண்ட் தாவர்’ என்ற தணிக்கை நிறுவனத்திற்கு நல்ல மதிப்பு இருந்தது. அதனை நிறுவிய ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸுக்கு அப்போது வயது 35. இலண்டனில் கணக்கியல் பயின்று பட்டம் பெற்றவர். நிறுவனப் பணியோடு வணிகக் கல்லூரியில் பாடமும் நடத்தி வந்தார். நடை, உடை, உணவு அனைத்திலும் ஆங்கிலேயரையே பின்பற்றியவர். மடிப்புக் கலையாத கோட்டும், கைத்தடியும், சங்கிலியில் கோத்த கடிகாரமும் அவரது அடையாளங்கள். எவரையும் அண்டி வாழ வேண்டிய நிலையில் அவர் இல்லை. அந்த நிறுவனத்தைத் தொடங்கி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அந்த நிலையில்தான் அவர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

அவர் துறவு பூண்டு புறப்பட்டவரல்லர். அங்கிருந்த தம் சகோதரரின் அழைப்பை ஏற்று, ஓய்வுக்காக மேற்கொண்ட பயணம் அது. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொழிலைத் தொடரலாம் என்றே எண்ணியிருப்பார். ஆனால் அந்தப் பயணத்தில் புறப்பட்ட கார்னீலியஸ் பழைய வாழ்க்கைக்குத் திரும்பவே இல்லை. பிற்காலத்தில் நாடு அறிந்த பெயர் ஜே. சி. குமரப்பா.

இளமை

தஞ்சாவூரில் 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை சாலமன் துரைசாமி கார்னீலியஸ் பொதுப்பணித் துறையில் அலுவலர். ஒழுங்கிலும் நேரந்தவறாமையிலும் மிகுந்த கண்டிப்பு உடையவர். தாயார் இறைப்பற்றும் இரக்கமும் நிறைந்தவர். தந்தையின் கண்டிப்பும் தாயின் இரக்கமும் மகனிடம் வாழ்நாள் முழுவதும் ஒன்றாகவே குடியிருந்தன. பிற்காலத்தில் அவருடன் பணியாற்றியவர்கள் முதலில் கண்டு அஞ்சியது தந்தை வழி வந்த குணத்தை; பிறகு உணர்ந்தது தாய் வழி வந்ததை.

முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் அவர் இலண்டன் சென்று கணக்கியல் பயின்றார். போர்க்காலம் முழுவதையும் அங்கேயே கழித்தார். தாயாரின் விருப்பத்திற்கிணங்கி 1919-இல் தாயகம் திரும்பினார். பம்பாயில் ஆங்கிலேய நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் 1924-இல் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். இதுவரை அவர் வாழ்க்கையில் அரசியலும் இல்லை, கிராமமும் இல்லை.

கணக்கு நேராகவில்லை

அமெரிக்காவில் சும்மா இருக்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வணிக நிர்வாகத்தில் 1928-இல் பட்டம் பெற்றார். அடுத்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பற்றிய உயர்கல்வியைத் தொடங்கினார். அரசாங்கம் எவ்வாறு வரி வாங்குகிறது, வாங்கியதை எவ்வாறு செலவிடுகிறது என்பதை ஆராய்வது அத்துறை. தணிக்கையாளருக்குப் பொருத்தமான பாடந்தான். அவருடைய ஆசிரியர் எட்வின் செலிக்மன் அத்துறையில் உலகப் புகழ் பெற்றவர்.

அந்நாளில் ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழ்மையில் உழல்கிறது என்பது பற்றி அவர் உரையாற்றினார். அவ்வுரையைப் பற்றிய செய்தி ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் வெளியாயிற்று. அதைப் படித்த செலிக்மன், இதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு மாணவருக்கு அறிவுரை கூறினார். இந்தியாவின் வறுமைக்கும் அதன் பொது நிதிக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பணி இவ்வாறு அவர் கைக்கு வந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்திப்பது தகும். தாய்நாட்டின் நிலையை அவருக்குக் காட்டியது மேடைப் பேச்சு அன்று; கண்ணீரும் அன்று; அரசாங்கம் தானே அச்சிட்டு வெளியிட்ட வரவு செலவுப் பட்டியல்கள். பிறர் சலித்து ஒதுக்கும் அந்த எண்களைப் படிக்கும் பயிற்சி அவருக்கு இருந்தது. உழவனிடம் வாங்கிய வரி படைக்கும், ஆங்கில அதிகாரிகளின் ஊதியத்துக்கும், கடனுக்கான வட்டிக்கும் பெரும்பகுதி சென்றது. கல்விக்கும் நலவாழ்வுக்கும் எஞ்சியது சொற்பம். ஓர் ஊர் ஏரியின் நீரை மடை திறந்து வேற்றூர் வயலுக்கே பாய்ச்சிக் கொண்டிருந்தால் ஏரிக்கரை நிலம் வறண்டு போவதில் வியப்பென்ன? வறுமை விதியினால் வந்ததில்லை, கணக்கினால் வந்தது என்று அவர் கண்டார். பிற நிறுவனங்களின் ஏடுகளை ஆண்டுக்கணக்கில் சரிபார்த்தவர், நேராகாத கணக்கு தம் நாட்டினுடையது என்பதைப் பத்தாயிரம் மைல் தொலைவில் அமர்ந்து அறிந்தார்.

சபர்மதியில்

1929-இல் தாயகம் திரும்பியபோது அவர் கையில் அந்த ஆய்வேடு இருந்தது. அதனை நூலாக வெளியிட விரும்பினார். அண்ணல் காந்தியடிகளிடம் காட்டுமாறு நண்பர்கள் கூற, பம்பாயில் அவரைத் தேடிச் சென்றார். பார்க்க இயலவில்லை, ஏட்டை மட்டும் கொடுத்துவிட்டு வந்தார். பின்னர் மே 9-ஆம் நாள் பிற்பகல் இரண்டரை மணிக்குச் சபர்மதி ஆசிரமத்தில் சந்திக்கலாம் என்று அழைப்பு வந்தது.

குறித்த நேரத்துக்கு முன்னரே அவர் ஆசிரமத்தை அடைந்தார். விருந்தினர் அறையில் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தவிர வேறு பொருள் இல்லாதது கண்டு திகைத்தார். பொழுது போக்க ஆற்றங்கரைப் பக்கம் உலாவினார். ஒரு மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் முதியவர் ஒருவர் அமர்ந்து நூல் நூற்றுக் கொண்டிருந்தார். நூற்பை அதுவரை கண்டிராத குமரப்பா, கைத்தடியை ஊன்றியபடி நின்று வேடிக்கை பார்த்தார். சில நிமிடங்கள் கழிந்தன. அம்முதியவர் இடுப்பிலிருந்த கடிகாரத்தைத் திறந்து பார்த்தார், மணி இரண்டரை. அவரே குமரப்பாவா என்று வினவினார். இவர்தாம் காந்தியடிகளோ என்ற ஐயம் குமரப்பாவுக்கு அப்போதுதான் எழுந்தது. கேட்டு உறுதி செய்து கொண்டவுடன், பட்டுக் கோட்டின் மடிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் அதே சாணத் தரையில் அமர்ந்து விட்டார். யாரோ ஓடோடி நாற்காலி கொண்டு வந்தார். அதை அவர் ஏற்கவில்லை.

ஆய்வேட்டைத் தம் ‘யங் இந்தியா’ இதழில் வெளியிடுவதாகக் காந்தியடிகள் கூறினார். அதோடு நில்லாமல், குஜராத்தின் கிராமங்களில் ஒரு பொருளாதார ஆய்வு நடத்தித் தர இயலுமா என்று கேட்டார். குஜராத்தி மொழி தெரியாதே என்றார் இவர். குஜராத் வித்யாபீடத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் துணைக்கு வருவார்கள் என்று விடை வந்தது. ஆனால் வித்யாபீடத்தில் காகா காலேல்கரைச் சந்தித்தபோது, மேனாட்டுத் தோற்றமும் மொழியறியாமையும் கொண்ட இவரால் கிராமத்தில் என்ன செய்ய இயலும் என்ற தயக்கமே அவருக்கு இருந்தது. இவரும் பேசாமல் பம்பாய்க்கு வண்டி ஏறிவிட்டார். கதை அங்கேயே முடிந்திருக்கக் கூடும்; நிறுவனமும் அங்கேதான் இருந்தது. காந்தியடிகள் விடவில்லை. மீண்டும் அழைப்பு வந்தது.

இம்முறை அவர் சென்றார். கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவின் 54 கிராமங்களை மாணவர் குழுவோடு ஆராய்ந்தார். 1929-30 குளிர்காலத்தில் கிராமம் கிராமமாகச் சென்று, நிலம், விளைச்சல், வரி, கடன் ஆகியவற்றைத் திரட்டினர். நியூயார்க்கில் எண்களாகக் கண்ட வறுமைக்கு இங்கே முகமும் பெயரும் இருந்தன. கோட்டு போய்க் கதர் வந்தது. கார்னீலியஸ் என்ற பெயரும் போய், குடும்பத்தின் பழம்பெயரான குமரப்பா வந்தது. பம்பாய்த் தொழிலை அவர் முற்றாகக் கைவிட்டார். திருமணம் செய்து கொள்ளவும் இல்லை.

தேசத்தின் ஏடுகள்

தண்டி யாத்திரையின் காலத்தில் காந்தியடிகள் அவரை ‘யங் இந்தியா’வுக்குத் தொடர்ந்து எழுதுமாறு பணித்தார். தூசி படிந்த கணக்கேடுகளைப் புரட்டத் தெரியுமேயன்றி எழுதத் தெரியாது என்று குமரப்பா மறுத்தார். எழுத்தின் தரத்தை முடிவு செய்ய வேண்டியவர் பத்திரிகாசிரியரே என்று சொல்லிக் காந்தியடிகள் அந்த மறுப்பை ஒதுக்கி விட்டார். பின்னர்த் தலைவர்கள் சிறைப்பட்டபோது அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பே இவரிடம் வந்தது. அதன் பயனாக 1931-இல் இவரும் சிறை சென்றார். காந்தி - இர்வின் ஒப்பந்தத்தால் விடுதலை கிடைத்தது.

அவ்வாண்டிலேயே அவருக்கு வாய்த்த பணி, ஒரு தணிக்கையாளர் கனவிலும் காணாதது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடன் பொறுப்புகளை ஆராயக் காங்கிரஸ் ஒரு குழுவை அமைத்தது. அதனைக் கூட்டி நடத்தும் பொறுப்பு குமரப்பாவுக்கு அளிக்கப்பட்டது. 1857-ஆம் ஆண்டு எழுச்சியை ஒடுக்கிய செலவும், கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சியைப் பெற்ற செலவும், இந்திய எல்லைக்கு வெளியே நடந்த போர்களின் செலவும் இந்திய மக்களின் கடனாகவே எழுதப்பட்டிருந்தன. அடிமைப்படுத்தியதற்கான கூலியை அடிமைப்பட்டவனிடமே வாங்கிய விந்தை அது. அவற்றை இங்கிலாந்தே ஏற்க வேண்டும் என்று குழு வாதிட்டது. 1932-இல் மீண்டும் நீண்ட சிறைவாசம்.

1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் நிவாரணப் பணிகள் நடந்தன. நாடெங்கிலுமிருந்து திரண்ட நிதியின் கணக்கைக் கவனிக்க குமரப்பா அழைக்கப்பட்டார். தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணாவுக்கு மேல் செலவிடலாகாது என்று அவர் விதி செய்தார். பிறகு காந்தியடிகளே தம் குழுவினரோடு பாட்னாவுக்கு வந்தார். அக்குழுவின் உணவுச் செலவையோ வாகனத்தின் பெட்ரோல் செலவையோ நிவாரண நிதியில் எழுத இயலாது என்று குமரப்பா மகாதேவ தேசாயிடம் தெரிவித்து விட்டார். துயருற்றோருக்கென்று வந்த பணம் துயருற்றோருக்கே. அண்ணலுக்கு இதில் வருத்தமில்லை; மாறாக, அவ்வாண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளராக இவரையே தேர்ந்தார்.

மகன்வாடி

வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த நிலத்தில் சங்கம் நிலைகொண்டது. மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக அவ்விடம் மகன்வாடி எனப் பெயர் பெற்றது. கைக்குத்தல் அரிசி, மாட்டுச் செக்கு, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு என்று ஒவ்வொன்றையும் அங்கே சோதித்துப் பார்த்தனர். மண்ணெண்ணெய்க்கு மாறாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கும் உருவாயிற்று. ஆலையில் தீட்டிய அரிசி சத்தை இழக்கிறது. குத்துபவளும் கூலியை இழக்கிறாள். இத்தகைய இரட்டை நட்டத்தை எந்த நிறுவனத்தின் ஏடும் காட்டுவதில்லை என்பதே குமரப்பாவின் ஓயாத வாதமாக இருந்தது.

கிறிஸ்தவ நம்பிக்கையை அவர் ஒருபோதும் கைவிடவில்லை. சத்தியாகிரகம் ஏசுநாதரின் போதனைக்கு முரணானது என்று கல்கத்தாவின் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட் கருதியபோது, அதனை வெளிப்படையாக மறுத்து எழுதியவர் குமரப்பா. 1942-க்குப் பின் ஜபல்பூர்ச் சிறையில் உடல் நலிந்திருந்த காலத்தில், ஏசுநாதரின் வாழ்வும் போதனையும் பற்றி ஒரு நூலும், ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றி மற்றொரு நூலும் எழுதினார். இரண்டாவது நூலில் இயற்கையையே அவர் கணக்கேடாகக் கொள்கிறார். பிற உயிரை உறிஞ்சி வாழ்வன உண்டு. பறித்துண்டு வாழ்வன உண்டு. உழைத்து உண்பன உண்டு. தம் கூட்டத்துக்காக உழைப்பன உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவை உண்டு. மனிதனின் பொருளாதாரம் இவற்றுள் எதனைப் போன்றது என்று அவர் கேட்கிறார். இரண்டு நூல்களுக்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். ‘சிறியதே அழகு’ எழுதிய ஷூமாக்கர் பிற்காலத்தில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டிருப்பதை அந்நூலைப் படித்தோர் அறிவர்.

விடுதலைக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். 1949-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. ஆனால் பெருந்தொழிலை நோக்கி விரைந்த புதிய அரசோடு அவரால் இசைந்து செல்ல இயலவில்லை. அதை மறைக்கவும் அவர் முயன்றதில்லை. சொல்லில் நயம் பாராட்டும் வழக்கம் அவருக்கு இல்லாததால் நண்பர்களையும் சில சமயம் இழந்தார்.

இறுதி ஆண்டுகளில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்திற்கு வந்து ஒரு சிறு குடிலில் தங்கினார். தம்மைக் காண வந்த ஒருவருக்கு அங்கே சுவரிலிருந்த காந்தியடிகளின் படத்தைக் காட்டி, இவர் என் ஆசான் என்று அறிமுகம் செய்தாராம். அருகில் இன்னொரு படம்: மெலிந்த உடலோடு நிற்கும் ஏழைக் குடியானவன் ஒருவன். அவன் தம் ஆசானின் ஆசான் என்றார்.

சென்னை மருத்துவமனையில் 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அன்று காந்தியடிகள் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன.