அறியேன் எனத் துணிந்த அறிஞர்

தன்னம்பிக்கை என்றவுடன் நம் இளைஞர் பலருக்கும் நினைவில் எழுவது தயக்கமின்றிப் பேசும் ஆற்றலும் தோல்வி காணாத வாழ்வுமே ஆகும். எல்லாம் கற்றவர்க்கே அது வாய்க்கும் என எண்ணித் தாழ்வு மனப்பான்மையில் அழுந்துவோரும் உளர். அவ்வெண்ணம் பிழையானது என்பதற்குத் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாத ஐயர் அவர்களின் வாழ்க்கை தக்க சான்றாகும். அவ்வாழ்க்கை திசை திரும்பிய வேளையில் நம் சமண இல்லங்களும் அவருக்குத் துணை நின்றன என்பது நாம் மகிழ்ந்து நினைக்கத்தக்க செய்தி.

1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்த ஐயரவர்களின் சொந்த ஊர் உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். வறுமை நிறைந்த குடும்பம். எனினும் மகனுக்குத் தமிழில் இருந்த வேட்கையைக் கண்டு, நல்லாசிரியரை நாடிக் குடும்பமே ஊர்விட்டு ஊர் சென்றது. முடிவில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்து, 1876இல் ஆசிரியர் மறையும் வரை உடனிருந்து பயின்றார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத்தில் தங்கிக் கற்றும் கற்பித்தும் வந்தார்.

1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவ்விடத்திற்கு இவரே தகுதியுடையவர் எனப் பரிந்துரைத்தார். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். இருபத்தைந்தே வயதுடைய இளைஞருக்கு அது பெரும்பேறு. மாணவரின் மதிப்பும் கிடைத்தது. இனி அடைய வேண்டியது யாதுமில்லை என்று அவர் அமைந்திருந்தாலும் குறை கூறுவார் இல்லை.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்தார். என்னென்ன நூல்கள் கற்றீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் எனத் தாம் பயின்ற நூல்களை ஐயர் அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று அவர் அடுத்துக் கேட்டார். அந்நூல்களை ஐயர் கண்ணாலும் கண்டவர் அல்லர். பல்லாண்டு உழைத்துப் பெற்ற புலமை ஒரு வினாவில் சிறுத்துப் போயிற்று.

இத்தகைய நிலையில் மனிதர் இருவகையாக நடப்பர். வினவியவரைப் பகைப்பர்; அன்றேல் தம்மையே இகழ்ந்து ஒடுங்குவர். ஐயர் இரண்டையும் செய்திலர். நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்து அறியலாம் என்று கருதினார். முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் படி ஒன்றை அளித்தார். பிரித்துப் பார்த்தால் நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பொருள் விளங்கவில்லை. சைவ மடத்தில் பயின்றவருக்குச் சமண சமயக் கருத்துகளும் மரபுச் சொற்களும் புதியனவாக இருந்தன.

அறியாததை அறிந்தவரிடம் கேட்பதே வழி எனத் தெளிந்து, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்குச் சென்றார். சந்திரநாத செட்டியார் இல்லத்தில் மாவிலைத் தோரணமும் கோலமும் விளங்கக் கண்டு காரணம் வினவினார். சிந்தாமணி படனம் அன்று நிறைவெய்தியதால் கொண்டாடுகிறோம் என்றனர். எந்நூலின் பொருள் காண அவர் இரவு பகலாகத் தவித்தாரோ, அந்நூல் அங்கே வழிபாட்டிற்குரிய பொருளாய் வாழ்ந்து கொண்டிருந்தது. கல்லூரி ஆசிரியர் என்னும் பெருமிதத்தை வாயிலிலேயே விட்டு, மாணாக்கராய் உள்ளே அமர்ந்தார். சமண அன்பர்களும் வேற்றுச் சமயத்தவர் என்று விலக்காமல் ஐயங்களைத் தீர்த்தனர். அவரது ஆர்வத்தைக் கண்டு, இவர் பவ்விய ஜீவன் போலும் என்று அவ்வில்லத்தார் மதித்தனர். வீடுபேறு அடையும் தகுதியுடைய உயிரையே நம் மரபு அவ்வாறு வழங்கும்.

ஏறத்தாழ ஏழாண்டுகள் கழிந்தன. ஏடுகளைத் திரட்டினார், பாட வேறுபாடுகளை ஒப்பிட்டார், உரையில் வரும் மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை எனத் தேடினார். பொருள் வசதி இல்லாத நிலையில் அன்பர்களிடம் கையொப்பம் பெற்று அச்சு வேலையைத் தொடங்கினார். திருத்தக்கதேவர் இயற்றிய, 13 இலம்பகங்களும் 3145 செய்யுட்களும் கொண்ட பெருங்காப்பியம் நச்சினார்க்கினியர் உரையுடன் 1887ஆம் ஆண்டு அக்டோபரில் நூலாக வெளிவந்தது. குறை கூறி எழுதியோரும் இருந்தனர். அவர் மறுமொழியில் காலத்தைப் போக்காமல் அடுத்த ஏட்டைக் கையில் எடுத்தார். சிந்தாமணியை மேலும் திருத்தி 1907இல் இரண்டாம் பதிப்பும் கொணர்ந்தார்.

முதல் நூல் அளித்த துணிவே மற்றவற்றிற்கு வழியாயிற்று. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை எனப் பழந்தமிழ்ச் செல்வங்கள் அச்சேறின. தெரியாது என்று நின்ற மூன்று காப்பியங்களையும் பதினெட்டு ஆண்டுகளுக்குள் தமிழுலகிற்கு அவரே அளித்தார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. முதுமையிலும் ஓயாது, 1937இல் குறுந்தொகையை உரையுடன் வெளியிட்டார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாற்றில் இருவகை நம்பிக்கை காண்கிறோம். ஒன்று, இன்று அறியாததை முயன்றால் நாளை அறியலாம் என்னும் ஐயரவர்களின் நம்பிக்கை. மற்றொன்று, பிறர் மதிப்பினும் மதியாவிடினும் நம் நூலை நாம் ஓதி வருவோம் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்த எளிய சமணக் குடும்பங்களின் நம்பிக்கை. இரண்டும் சந்தித்ததால் தமிழ் வாழ்வு பெற்றது.

தேர்வில் மதிப்பெண் குறைந்தாலோ, நேர்முகத்தில் ஒரு வினாவிற்கு விடை தெரியாது போனாலோ மனம் தளரும் நம் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இவ்வரலாற்றைச் சொல்லலாம். விடை தெரியாத வினாவே ஒருவரை வாழ்நாட் பணிக்கு அழைத்துச் சென்றது என அவர்கள் அறியட்டும். அத்துடன், இல்லத்துப் பேழையில் உறங்கும் பழைய ஏடுகளையும் நூல்களையும் ஒருமுறை திறந்து, பிள்ளைகளை அருகமர்த்திப் படித்துக் காட்டுவோமாக.