நார்மன் கிரெக்

சர் நார்மன் மெக்காலிஸ்டர் கிரெக் (மார்ச் 7, 1892 – ஜூலை 27, 1966) ஓர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர். கருவுற்ற தாய்க்கு வரும் ருபெல்லா (செருமானியத் தட்டம்மை) நோய், வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் பிறவிக் கண்புரையையும் இதயக் குறைபாட்டையும் உண்டாக்கக்கூடும் என்பதை 1941 இல் முதன்முதலாக எடுத்துக்காட்டியவர் இவரே ஆவார்.

இளமையும் கல்வியும்

கிரெக் சிட்னியின் புறநகரான பர்வுட்டில் பிறந்தார். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1915 இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். விளையாட்டிலும், குறிப்பாக டென்னிசிலும் துடுப்பாட்டத்திலும், சிறந்து விளங்கினார். முதல் உலகப் போரில் பிரித்தானிய இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து மேற்குப் போர்முனையில் பணியாற்றியமைக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றார். போருக்குப் பின் இங்கிலாந்தில் கண் மருத்துவம் கற்று, 1923 இல் சிட்னி திரும்பினார். அங்கு தனியாக மருத்துவம் பார்த்ததுடன், இளவரசர் ஆல்பிரட் மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கான அரச அலெக்சாண்டிரா மருத்துவமனையிலும் கண் மருத்துவராக இருந்தார்.

1941 ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு

1941 இன் முற்பகுதியில், பிறவியிலேயே கண்புரை உள்ள கைக்குழந்தைகள் வழக்கத்திற்கு மாறாக அதிக எண்ணிக்கையில் கிரெக்கிடம் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலானோருக்கு இரு கண்களிலும் வில்லை வெளுத்திருந்தது. குழந்தைகள் எடை குறைந்தும் பால் குடிக்கச் சிரமப்பட்டும் காணப்பட்டனர். பலருக்கு இதயத்திலும் குறை இருந்தது. பிறவிக் குறைபாடுகள் பரம்பரையாக வருபவை என்பதே அன்றைய பொதுவான எண்ணம். ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல குடும்பங்களில், ஒரே காலத்தில், ஒரே குறைபாடு தோன்றுவதற்குப் பரம்பரை விளக்கமாக அமையவில்லை.

அவருடைய மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் இரு தாய்மார் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாகக் கூறப்படுகிறது. கருவுற்றிருந்தபோது தங்களுக்குச் செருமானியத் தட்டம்மை வந்ததை அவர்கள் பேசிக்கொண்டிருந்தனர். ஓரிரு நாள் காய்ச்சலும் லேசான தடிப்புகளுமாக வந்துபோகும் அந்நோயை அக்காலத்தில் எவரும் பொருட்படுத்துவதில்லை. எனவே மருத்துவர்களும் அதுபற்றித் தாய்மாரிடம் கேட்டதில்லை. கிரெக் கேட்கத் தொடங்கினார். குழந்தைகளின் பிறந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டபோது, கருவின் தொடக்க மாதங்கள் 1940 இல் ஆஸ்திரேலியாவில் ருபெல்லா பெருமளவில் பரவிய காலத்துடன் பொருந்தின. புரை வில்லையின் பெரும்பகுதியை அடைத்திருந்ததால், பாதிப்பு வில்லை உருவாகும் ஆரம்பக் கட்டத்திலேயே நேர்ந்திருக்க வேண்டும் என்றும் அவர் கருதினார்.

பிற மருத்துவர்களிடமும் விவரம் கேட்டுத் திரட்டிய 78 குழந்தைகளைப் பற்றி, 1941 அக்டோபர் 15 அன்று மெல்பர்னில் ஆஸ்திரேலியக் கண் மருத்துவக் கழகக் கூட்டத்தில் கட்டுரை வாசித்தார். அவர்களில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் ருபெல்லா வந்திருந்தது.

ஐயமும் உறுதிப்பாடும்

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இக்கண்டுபிடிப்பு எளிதில் ஏற்கப்படவில்லை. 1944 இல் லான்செட் மருத்துவ இதழ், இத்தொடர்பு நிறுவப்பட்டதாகக் கொள்ள முடியாது என்று கருத்துத் தெரிவித்தது. இந்த ஐயத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட இயலாது. கிரெக் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்து தாய்மாரை நோக்கிச் சென்றார். ருபெல்லா வந்தும் நலமான குழந்தையைப் பெற்ற தாய்மார் எத்தனை பேர் என்பது அவருடைய கணக்கில் இல்லை. ஆபத்து எவ்வளவு என்பதை அத்தரவுகளைக் கொண்டு கூற முடியாது. தொடர்பு உண்டு என்பதை மட்டுமே கூற முடியும்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் சார்லஸ் சுவானும் குழுவினரும் 1943 இல் தொடர்பை உறுதிப்படுத்தியதுடன், காது கேளாமையும் இப்பாதிப்புகளில் ஒன்று எனக் காட்டினர். புள்ளியியலாளர் ஆலிவர் லங்காஸ்டர் 1951 இல் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்தார். காது கேளாதோர் குறிப்பிட்ட சில ஆண்டுகளில் மிகுதியாகப் பிறந்திருப்பதையும், அவ்வாண்டுகள் ருபெல்லா பரவிய காலங்களுடன் ஒத்துப்போவதையும் கண்டார். கிரெக் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1898-1899 காலத்தில் பிறந்தோரும் அவர்களில் அடங்குவர். அதாவது இப்பாதிப்பு புதிதாக 1940 இல் தோன்றியதன்று. அதுவரை எவரும் கவனிக்கவில்லை.

பிற்காலம்

கிரெக்கிற்கு 1953 இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1962 இல் அமெரிக்காவில் இரு குழுக்கள் தனித்தனியே ருபெல்லா தீநுண்மியைப் பிரித்தெடுத்தன. 1964-65 இல் அந்நாட்டில் பரவிய கொள்ளைநோயால் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறவிப் பாதிப்புடன் பிறந்தனர். ஆய்வகச் சோதனைகள் வந்தபின் ஆபத்தின் அளவும் தெளிவாயிற்று. கருவின் முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்குத் தொற்று ஏற்பட்டால் பெரும்பாலான குழந்தைகள் பாதிக்கப்படுகின்றனர். 20 வாரங்களுக்குப் பின் பாதிப்பு அரிது.

கிரெக் 1966 இல் சிட்னியில் காலமானார். முதல் ருபெல்லாத் தடுப்பூசி 1969 இல் அமெரிக்காவில் உரிமம் பெற்றது. ஆஸ்திரேலியாவில் 1971 முதல் பள்ளி மாணவியருக்கு அது போடப்பட்டது. அந்நாட்டில் ருபெல்லா ஒழிக்கப்பட்டதை உலக சுகாதார அமைப்பு 2018 இல் உறுதிசெய்தது.