சுனிதி சாலமன்: கிருமிக்கும் மரணத்திற்கும் நடுவே நின்றவர்

சென்னையில் தோல் வணிகம் செய்துவந்த மராட்டியக் குடும்பமொன்றில், எட்டுப் பிள்ளைகளுள் ஒரே பெண்ணாகப் பிறந்தவர் சுனிதி. அம்மை குத்துவதற்காக ஆண்டுதோறும் வீட்டிற்கு வந்த சுகாதார அதிகாரியைக் கண்டே அவருக்கு மருத்துவத்தில் நாட்டம் பிறந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, இதய அறுவை மருத்துவர் விக்டர் சாலமனை மணந்தார். சில ஆண்டுகள் வெளிநாடுகளில் இருந்துவிட்டு 1973-இல் தாயகம் திரும்பினார். நுண்ணுயிரியலில் மேற்பட்டம் பெற்று, தாம் பயின்ற கல்லூரியிலேயே பேராசிரியரானார்.

1981-இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் கண்டறியப்பட்டது. அது இந்தியாவை அண்டாது, நமது பண்பாடே நமக்குக் கவசம் என்று பலரும் எண்ணியிருந்தனர். கிருமிக்குப் பண்பாடு தெரியுமா? 1986-இல் சுனிதியின் வழிகாட்டுதலில் அவர் மாணவி நிர்மலா, சென்னையில் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்ட பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதி செய்தது. அப்பெண்களுள் ஒருத்தி 13 வயதுச் சிறுமி என்பது சுனிதியின் நெஞ்சை உலுக்கியது.

கண்டுபிடித்ததோடு பணி முடிந்தது என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சிய அந்நாளில், 1993-இல் தம் தந்தையின் பெயரால் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் மையத்தைச் சென்னையில் நிறுவினார். நோயுற்றோருக்கு ஆறுதலும் மருத்துவமும் அங்கே ஒருசேரக் கிடைத்தன. கிருமி உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் மணம் பேசி முடித்து வைத்ததும் உண்டு.

விலங்கியல் மாணவனாகிய என்னை மிகவும் ஈர்ப்பது அம்மையம் செய்த ஆராய்ச்சியே. எச்.ஐ.வி. வேறு, எய்ட்ஸ் வேறு. முன்னது கிருமி, பின்னது அக்கிருமி முற்றிய நிலை. மருந்தின்றி விட்டால் முன்னதிலிருந்து பின்னதை அடையச் சராசரியாக 8 முதல் 10 ஆண்டுகள் ஆகும். ஆனால் ஒருவர் நான்கே ஆண்டில் வீழ்கிறார். மற்றொருவர் பதினைந்தாண்டு நடமாடுகிறார். ஏன்? எங்கள் அனுமந்தன்பட்டியில் ஒரே நாற்றங்காலின் நாற்றை இரு வயலில் நட்டால், மண்ணுக்கும் நீருக்கும் ஏற்ப விளைச்சல் மாறுவதில்லையா? அதுபோலத்தான் இதுவும். தொற்றிய தொடக்கத்தில் இரத்தத்தில் நிலைபெறும் கிருமியின் அளவு, நோயாளியின் வயது, பிறப்பில் வந்த மரபணு, உண்ணும் உணவு, உடன் தொற்றும் பிற நோய்கள் ஆகியவை அந்தக் கால அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. எச்.ஐ.வி.-2 என்னும் வகை, முதல் வகையைவிட மெதுவாகவே முற்றும். நம்மைக் காக்கும் சிடி4 அணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 200-க்குக் கீழ் குறைந்தால் அது எய்ட்ஸ் எனப்படும்.

மேலைநாட்டு நூல்கள் அந்நாட்டு நோயாளிகளைப் பற்றியே பேசின. நம் மக்களிடம் இந்நோய் எவ்வாறு முற்றுகிறது என்பதை, ஏறக்குறைய 600 பேரைத் தொடர்ந்து கவனித்து, சுனிதியும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்டனர். இங்கே முதன்மையான எமன் காசநோய் என்பது அதனால் தெளிவாயிற்று. காசநோய் கிருமியின் பெருக்கத்தைத் தூண்டுகிறது. கிருமி காசநோய்க்குக் கதவைத் திறந்து விடுகிறது. மாதக்கணக்கில் இருமிக்கொண்டே, ஊர் என்ன சொல்லுமோ என்று சோதனைக்குப் போகாத மனிதரை நான் எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அந்த அச்சமும் நோயை முற்றச் செய்யும் காரணங்களுள் ஒன்று என்பேன். மரபணுவை நம்மால் மாற்ற இயலாது. அச்சத்தை மாற்ற இயலும்.

2004-இல் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. நாள் தவறாமல் மருந்துண்டால் எய்ட்ஸ் நிலையையே தடுக்கலாம். சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறையும் என்று 2011-இல் வெளியான பன்னாட்டு ஆய்விலும் சுனிதியின் மையத்திற்குப் பங்குண்டு.

2015 ஜூலை 28 அன்று சுனிதி மறைந்தார். 2017-இல் பத்மஸ்ரீ விருது அவர் பெயரை நாடி வந்தது. கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. அங்கே தயங்கி நிற்கும் ஒருவரோடு துணையாக நடந்து செல்ல நம்மால் முடியாதா, நண்பர்களே?