வேர்களை ஆராய்ந்த மருத்துவர்

சாம்பாருக்குப் பருப்பைத் தரும் துவரைச் செடி, பூத்துக் காய்க்கும் பருவத்தில் திடீரென வாடி நிற்பதுண்டு. மண்ணில் ஈரம் இருக்கும். ஆயினும் இலைகள் நீரின்றித் தவிப்பனபோல் துவண்டு உலரும். உழவரின் பல மாத உழைப்பு வீணாகும். இந்நோயின் காரணத்தை வேரில் தேடிக் கண்டவர் எட்வின் ஜான் பட்லர்.

பட்லர் 1874ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். மருத்துவம் பயின்று பட்டமும் பெற்றார். எனினும், அவரது உள்ளம் பூஞ்சைகளைப் பற்றிய ஆய்வையே நாடியது. 1901ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்து, கல்கத்தாவிலும் பின்னர் டேராடூனிலும் பணியாற்றினார். 1905ஆம் ஆண்டு பீகாரில் உள்ள பூசா என்னும் ஊரில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது, அதன் பூஞ்சையியல் துறைக்குத் தலைமை ஏற்றார். மனிதர்களின் பிணி தீர்க்கக் கற்றவர், பயிர்களின் மருத்துவரானார்.

வாடிய துவரையின் வேரையும் தண்டையும் பிளந்து நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். மண்ணில் வாழும் பூஞ்சை ஒன்று மெல்லிய வேர்களின் வழியே நுழைந்து, நீரை மேலே கொண்டு செல்லும் குழாய்களில் படர்ந்து அவற்றை அடைத்துவிடுகிறது. இந்த ஒட்டுண்ணிக்கு 1910ஆம் ஆண்டு ஃபியூசேரியம் உடம் எனப் பெயரிட்டார். அறுவடைக்குப் பின்னும் அது வேர்க்கட்டைகளில் தங்கி, அடுத்த பயிரைத் தாக்கும். எனவே, இலைமேல் மருந்து தெளிப்பதால் பயனில்லை. நோயைத் தாங்கும் செடிகளைத் தேர்ந்து பெருக்குவதே சிறந்த வழியாயிற்று. பயிர் நோய்களைப் பற்றி அவர் 1918ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், இத்துறை மாணவர்களுக்கு நெடுங்காலம் வழிகாட்டியாக விளங்கியது.

1920ஆம் ஆண்டு இங்கிலாந்து திரும்பிய பட்லர், கியூ நகரில் புதிதாக நிறுவப்பட்ட பூஞ்சையியல் நிலையத்தின் இயக்குநரானார். வேரின் பகையை ஆராய்ந்த அவர், முதுமையில் வேரின் நட்பையும் ஆராய்ந்தார். 1939ஆம் ஆண்டு வேர்ப்பூஞ்சைகளைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை எழுதினார். வேருக்குள் குடியிருக்கும் இப்பூஞ்சைகள், நூலினும் மெல்லிய இழைகளை மண்ணில் பரப்புகின்றன. வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டு வருகின்றன. அதற்கு ஈடாகச் செடி, தன் இலைகளில் ஆக்கிய சர்க்கரையை அவற்றிற்கு வழங்குகிறது.

ஒரே துவரையின் வேரில் கொல்லும் பூஞ்சையும் வாழக்கூடும். காக்கும் பூஞ்சையும் வாழக்கூடும். பூஞ்சை என்றாலே பகை என்று எண்ணி மண்ணில் நஞ்சைக் கொட்டினால், பகையோடு நட்பும் அழியும். பட்லரின் வாழ்நாள் ஆய்வுகள் நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.

இந்தியப் பயிர்நோயியலின் தந்தை எனப் போற்றப்படும் பட்லர், 1943ஆம் ஆண்டு மறைந்தார். நாற்றுகளின் வேரில் நல்ல பூஞ்சைகளைச் சேர்த்து வளர்க்கும் முறைகளைப் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக ஆராய்ந்துள்ளது. கர்நாடகத்தின் கலபுரகிப் பகுதித் துவரை வயல்களில் வாடல் நோய் இன்றும் தோன்றுகிறது. அதை உண்டாக்கும் பூஞ்சையின் அறிவியல் பெயரோடு பட்லரின் பெயரும் சேர்த்தே எழுதப்படுகிறது.