தசை ஊட்டும் நரம்பு

கருவியல் செய்முறை வகுப்பில் நாம் கண்டு படம் வரையும் கோழிக்கருவைக் கொண்டே நரம்பியலில் ஒரு புதுவழி திறந்தவர் விக்டர் ஹாம்பர்கர். அவர் வரலாற்றைப் படித்தபோது, அறிவினும் அவரது நேர்மையே என்னைக் கவர்ந்தது.

அவர் 1900-இல், அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த லாண்டஸ்ஹூட் என்னும் ஊரில் பிறந்தார். கருவியல் மேதை ஸ்பெமானிடம் பயின்று 1925-இல் முனைவரானார். 1932-இல் ஆய்வுக்காகச் சிகாகோ சென்றார். மறு ஆண்டே நாஜி அரசு, யூதர் என்பதால் அவரது பணியைப் பறித்தது. அமெரிக்காவே அவருக்கு வாழ்விடமாயிற்று.

அங்கே, முட்டையோட்டில் சிறு சாளரம் திறந்து, கருவின் சிறகு மொட்டை அகற்றினார். சில நாட்களுக்குப்பின், அந்தப் பக்கத்துத் தண்டுவடத்தில் தசையை இயக்கும் நரம்பணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. தசை குறைந்தால் நரம்பணுவும் குறைகிறது! நரம்பே தசையை ஆள்கிறது என்றுதான் நாம் படிக்கிறோம். ஆனால் வளரும் பருவத்தில் நரம்பின் வாழ்வு தசையின் கையில் இருக்கிறது. முதிராத அணுக்களை நரம்பணுக்களாக மாறும்படி உறுப்பு தூண்டுகிறது என்று 1934-இல் அவர் விளக்கம் தந்தார்.

இரண்டாம் உலகப்போரின் நடுவே, இத்தாலியில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்ட ரீத்தா லெவி-மோன்டால்சினி இதனை மறுத்தார். நரம்பணுக்கள் தோன்றத்தான் செய்கின்றன. சென்று சேர உறுப்பின்றிப் பின்னர் மடிகின்றன என்றார். ஹாம்பர்கர் சினங்கொள்ளவில்லை. 1947-இல் அவரைச் செயின்ட் லூயி நகருக்கு அழைத்துச் சேர்ந்து ஆராய்ந்தார். அவர் கூற்றே சரியெனக் கண்டு, 1949-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியிட்டார்.

இயல்பான கருவிலும் இம்மடிவு உண்டு. கோழிக்கருவில் ஒரு காலுக்கென ஏறத்தாழ 20,000 இயக்க நரம்பணுக்கள் தோன்றி, 12,000 மட்டுமே எஞ்சுகின்றன என 1975-இல் எண்ணிக் காட்டினார். தசை சுரக்கும் புரதங்கள் அவற்றைக் காக்கத் துணைபுரிகின்றன என்பது இன்று தெளிவாகியுள்ளது.

நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததற்காக 1986-இல் நோபல் பரிசு ரீத்தாவுக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் கிடைத்தது, ஹாம்பர்கருக்கு இல்லை. நூறு வயதில், 2001-இல் அவர் மறைந்தார்.

செய்முறையில் விடை மாறி வந்தால், பதிவேட்டில் அதை அழித்துவிட்டுப் புத்தக விடையை எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. தம் விளக்கமே தவறென்று அச்சில் ஒப்பிய இம்மனிதரை அறிந்தபின், அழிப்பானை எடுக்கக் கை கூசுகிறது.